ஏழாவது மரத்தின் சிவப்பு நாடா

...இரண்டு கட்டைகளை எடுத்தால் போதும் என்று அலுவலகத்திலிருந்து மார்செல் சொல்லிவிட்டான், இரண்டுதான், அதற்கு மேல் வேண்டாம், ஆனால் ஏரி கேட்கவில்லையே, அளவுகோலில் காலையில் நனையாமல் இருந்த கோடு இப்போது தண்ணீருக்குள், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறும் என்றது அவன் கணக்கு, நான்கு ஏறுகிறது, கணக்கு தப்பில்லை, கணக்குக்குக் கொடுத்த எண்தான்... ஐலா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். அணையின் நடைபாதை காலடியில் அதிர்ந்தது. மதகுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள், ஒன்றைக் கொக்கி போட்டு மேலே இழுத்தால் அந்த அளவுத் தண்ணீர் ஆற்றில் இறங்கும், பதினெட்டு வசந்தங்களாக இதைத்தான் செய்கிறாள். இன்னும் நான்கை எடுத்தால் ஏரி நிற்கும், ஆற்று வளைவில் இருக்கும் ஹெல்வியின் வீடு நிற்காது. எடுக்காவிட்டால் விடிவதற்குள் மண்கரை வழிந்து உடையும், கரைக்குக் கீழே நாற்பது வீடுகள்.

வளைவுக்கு மேலே புகை எழுந்தது. இவள் இன்னும் கிளம்பவில்லையா? மத்தியானம் போனில் சிரித்தாளே, "அக்கா, உன் தண்ணி என் சவுனா படிக்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பாக்குது. குளிக்கத்தான் வருதுன்னா துண்டு எடுத்துட்டு வரச் சொல்லு." கிளம்புடி, பள்ளிக்கூடத்துக்குப் போ, வெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் அங்கேதான் இருக்காங்க என்றதற்கு, "கடைசியா ஒருதடவை அடுப்பு மூட்டிட்டுப் போறேன். நீ மேல நிக்கறப்போ எனக்கென்ன?" புருஷன் போன பிறகு ஹெல்வி தன் கையாலேயே மரம் வெட்டி எழுப்பிய சவுனா, நீராவிக் குளியலுக்கான சிறு மரவீடு, சூடேறியதும் ஆற்றில் குதிக்கத் தோதாக, கரையை ஒட்டியே. மார்ச்சில் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள், "இந்த மாசம் தண்ணி விட்டுடாதே தாயே, பனிக்கட்டி வந்து மோதினா என் சுவர் தாங்காது." விளையாட்டாகத்தான் சொன்னாள். பனி இந்த வருஷம் கம்மிதான், பயப்படாதே என்று ஐலா சொன்னாள், அளக்கப் போவதற்கு முந்தின நாள்.

பத்து இடங்கள். காட்டுக்குள் பத்து மரங்களில் சிவப்பு நாடா, ஒவ்வொன்றின் அருகிலும் குழாயைப் பனிக்குள் இறக்கி, எடுத்து, எடைபோட்டு, உருகினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று நோட்டில் எழுத வேண்டும். ஆறு இடங்கள் அளந்தாள். மிச்சம் நான்கும் வடக்குச் சரிவில், வெயில் படாத இடம், முட்டி வலித்தது, வலிக்கத்தான் செய்தது, மருந்துச் சீட்டுகூட இருக்கிறது... வண்டியில் உட்கார்ந்து நான்குக்கும் ஒரே சின்ன எண்ணை எழுதினாள். அந்த எண்ணை நம்பித்தான் மார்ச்சில் ஏரியை இறக்காமல் விட்டார்கள். அந்தச் சரிவுதான் இப்போது உருகி வருகிறது.

ஹெல்வி போனை எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுத்ததும், அடுப்பை விட்டுட்டு வண்டியில ஏறு, இப்பவே, என்றாள். "குரல் ஏன் இப்படி இருக்கு, அக்கா?" ஏறுடி என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள். பிறகு மார்செலை அழைத்தாள், தாமதித்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும்.

"ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் நான் அளக்கல. சும்மா எழுதினேன்."

"முட்டியா, ஐலா? போன வருஷமே ஆள் கேளுங்கன்னு சொன்னேன் உங்ககிட்ட."

"ஆமா. முட்டிதான்."

"சரி. நாலையும் எடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

கொக்கியை இறக்கினாள். கட்டை முனகி மேலே வந்தது, அடியில் தண்ணீர் கறுப்பாகத் திமிறிக்கொண்டு ஓடியது, இவ்வளவு தூரத்திலிருந்து வண்டிச் சத்தம் கேட்குமா, கேட்காது, புகை மட்டும் அப்படியே... முட்டிதான் என்று எவ்வளவு சுலபமாக வந்தது, மார்செலும் நம்பினான், அவளும்தான் இத்தனை வாரமாக. ஆனால் அன்று ஆறாவது மரத்தடியில் நின்று ஏழாவதைப் பார்த்தாளே. வழக்கமாக மார்பு உயரத்தில் தெரியும் சிவப்பு நாடா அன்று பனிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது, பனி அவ்வளவு ஏறியிருந்தது. பார்த்தாள், கம்மிதான் என்று ஹெல்வியிடம் சொன்னதற்கு மறுநாள். அதற்குப் பிறகுதான் முட்டி வலித்ததா?

இரண்டாவது கட்டைக்குக் கொக்கியை நகர்த்தினாள்.