கண்ணில் ஏறிய மஞ்சள்

தருமன் மருந்துக்கடை மேசைமேல் வைட்டமின் அட்டையை ஓங்கி அறைந்தார்.

"யோவ், ஈரலுக்குக் காவல்னு சொல்லித்தானே இத என் தலையில கட்டின? ஆட்டோவுல கெடக்கறா என் பொண்டாட்டி. அவ கண்ணப் போய்ப் பாருய்யா!"

"கத்தாம சொல்லுங்க பெரியவரே" என்றார் கடைக்காரர் அருணகிரி.

கீழ்பென்னாத்தூரில் கடலை போடுகிற தருமனுக்கு, சும்மா கிடைக்கிற எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. சரோஜாவுக்குக் காசநோய் என்று அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். "சில பேருக்கு இது ஈரலக் கெடுக்கும். வாந்தி வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே வந்துடணும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். இனாம் மாத்திரை, அதிலும் ஈரலைத் தின்னுமாம்! நேராகத் தேரடித் தெருவிலுள்ள இந்தக் கடைக்கு வந்தவருக்கு அருணகிரி இந்த வைட்டமினை எடுத்துக் கொடுத்தார். "இதையும் சேத்துப் போடுங்க. ஈரல ஒண்ணும் பண்ணாது. ஒண்ணுக்கு மஞ்சளாப் போவும், பயப்படாதீங்க." காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, தருமன் நம்பிவிட்டார்.

சரோஜா சோற்றைத் தள்ளினாள். வைட்டமினை நாளுக்கு இரண்டாக்கினார். வாந்தி எடுத்தாள். மூன்றாக்கினார். கண் மஞ்சளானபோது, "மருந்து வேல செய்யுதுடி, மஞ்சளாவும்னு அவனே சொன்னான்ல" என்றார். காசநோய் மாத்திரையும் ஒருநாள் தவறாமல் உள்ளே போனது. இன்று காலை மகள் ரேவதி வந்து பார்த்து அலறியபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது.

"ஒண்ணுக்குதான் மஞ்சளாப் போவும்னேன். கண்ணுன்னா சொன்னேன்?"

"ஈரல ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னியா, இல்லியா? அதுக்கு வாயத் தொற!"

அருணகிரி அட்டையை எடுத்துத் தருமன் கையிலேயே திணித்தார்.

"நைனா!" ஆட்டோவிலிருந்து ரேவதி கத்தினாள். "அம்மா தூங்கித் தூங்கி விழுது. உன் சண்டைய அப்பறம் வெச்சிக்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சரோஜாவின் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எப்ப மஞ்சளாச்சு?"

"நேத்து சாயந்தரம்" என்றார் தருமன்.

படுத்திருந்த சரோஜா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லா மாத்திரையும் நிறுத்து. இந்த வைட்டமினையும்தான்."

"அது ஈரலக் காப்பாத்தும்னு..."

"எவன் சொன்னான்? சத்து கம்மியா இருக்கறவங்களுக்கு அது சத்து, அவ்ளோதான். ஈரல் கெடறத அது தடுக்காது."

"பொழச்சிடுவாளாம்மா?"

"ரத்தத்தப் பாத்துட்டுதான் சொல்ல முடியும். மஞ்சளான பொறவும் காசநோய் மாத்திரை உள்ள போச்சா? யாரு கொடுத்தது?"

தருமனுக்கு அருணகிரியின் கழுத்தைத் திருக வேண்டும்போல இருந்தது. அந்த ஆத்திரம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் டாக்டரம்மா கேட்டதற்கு அருணகிரியின் பெயர் பதிலாகாது.

"நாந்தாம்மா" என்றார். "அஞ்சு நாளும். வேணாம் வேணாம்னா. வாயப் புடிச்சித் தொறந்து போட்டேன்."

நர்ஸ் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தாள்.