மேட்டு வயலில் உழவு

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னது லைல்தான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் படுத்தபடியே பார்த்தால் மேட்டு வயல் முழுசாகத் தெரியும். சோயா அறுத்த தாளுக்கு நடுவே, கோதுமை மாதிரி இருக்கும் ரைப் பயிர் பச்சை கட்டியிருந்தது. அறுத்து விற்பதற்கான பயிர் இல்லை அது. பனிக்காலம் முழுக்க மண்ணைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதற்கு வேலை.

பதினொரு வருஷமாக அந்த மேட்டில் கலப்பை படவில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. விதைச் செலவில் பாதியை மண்வள அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதியும் உழைப்பும் லைலுடையவை. உழக்கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்காவில் அந்த அயோவாப் பக்கம் உழாத வயலும் சவரம் செய்யாத முகமும் ஒன்று. ஊர் சும்மா இருக்குமா?

"சர்க்கார் காசுல களை வளக்கிறான்டா நம்ம லைல்!" என்று காபிக் கடையில் முதலில் சிரித்தவர் டெல்மர். பக்கத்து நிலத்துக்காரர், பால்ய சிநேகிதர்.

"உன் மண்ணு பூராவும் என் ஓடையில வந்து கெடக்குடா. ஒரு வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போ" என்பார் லைல்.

சிரிப்பெல்லாம் கடையோடு சரி. போன மாதம் மனைவி மார்லிஸிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போனப்புறம் நெலத்தை யாருக்கு வேணும்னாலும் குத்தகைக்கு விடு. அந்த மேட்டுல மட்டும் கலப்பை வைக்க விட்றாத."

"விடமாட்டேன், லைல்" என்றாள்.

சனிக்கிழமை காலை அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவன் படுத்துவிட்டால் தன் விளைச்சலை அப்படியே விட்டுவிட்டு வந்து அவனுடையதை அறுத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். கூப்பிடவும் வேண்டாம், கூலியும் கிடையாது, வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும். வாசலில் அறுவடை இயந்திரங்கள் வரிசையாகத் திரும்புவதைப் பார்த்து, வாரக்கணக்கில் அழாத மார்லிஸ் அழுதுவிட்டாள்.

மதியத்துக்குள் மக்காச்சோளம் முடிந்தது. அவள் அடுப்பிலிருந்து கேக்கை எடுக்கும்போது சமையலறை வாசலில் டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"சோளம் ஆச்சு மார்லிஸ். வண்டியெல்லாம் இங்கதான் நிக்குது. வேற ஏதாச்சும் வேலை கெடக்கா, சொல்லும்மா."

"ஐயோ, இதுவே பெரிசு டெல்மர். நீங்க பாத்து எது சரின்னு படுதோ செய்யுங்க."

அந்த ஊர்க்காரர்கள் பேச்சே அப்படித்தான். இதைச் செய்து கொடு என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையில்லை. வந்த உதவியை வேண்டாம் என்பது அதைவிட மரியாதைக் குறைவு. அவள் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். காலையிலிருந்து ஓயாத இயந்திரச் சத்தத்தில் எதுவும் தனியாகக் காதில் விழவில்லை.

புது மண் வாசனைதான் முதலில் வந்தது. அவள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்தாள். கூடத்துக்கு ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே மேட்டில் பாதிக்கு மேல் கறுப்பாகக் கிடந்தது.

"கூப்பிட்டுப் பாத்தேன்" என்றார் லைல். "உனக்குக் கேக்கல."

அவள் வயலுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டெல்மர் கடைசி உழவுச் சாலையும் முடித்து டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"புதரா கெடந்துச்சும்மா. பாவம், அவனால முடியல. சுத்தம் பண்ணிட்டேன். இனிமே குத்தகைக்கு வர்றவன் மொகம் சுளிக்க மாட்டான். உனக்கு அந்தக் கவலை வேணாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டு விஷமம் இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள்.

"ரொம்ப நன்றி, டெல்மர்" என்றாள். "உள்ள வாங்க. கேக் ஆறிடும்."

லைல் அவரைக் கட்டிலருகே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா உழுதிருக்கடா. கோடு வளையவே இல்ல."

"என் கோடு என்னைக்குடா வளைஞ்சிருக்கு?" என்று டெல்மர் மூக்கை உறிஞ்சினார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு மார்லிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

"லைல், நான்தான் அவர்கிட்ட..."

"விடு. நானும் நன்றிதானே சொன்னேன்." முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டார். "கட்டிலைத் திருப்பிப் போடுறியா? வெளிச்சம் கூசுது."

வெளியே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அவள் கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. டெல்மரின் நேர்க்கோடுகள் எல்லாம் மேட்டிலிருந்து ஓடையைப் பார்த்துத்தான் இறங்கின.

"மழையா?" என்றார் லைல்.

கூரைத் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இல்ல" என்றாள் மார்லிஸ். "காத்து."

மழையின் சத்தத்தை வைத்தே எத்தனை அங்குலம் என்று சொல்கிற மனுஷன். சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டி அவள் கையைத் தேடினார்.

"ஆமா" என்றார். "காத்துதான்."