எண்ணிக்கை சொன்னவன்

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் சயாமிலிருந்து ஊர் திரும்பினேன். எட்டாம் நாள், தேவனூர் களத்தில் அக்காள் மகன் குப்புசாமி தண்டால் எடுத்தான்.

"மாமா, ஜப்பான்காரன் இதுக்கு என்னமோ சொல்லுவானாமே?"

"உதெத்தத்தே."

"எண்ணுங்க ஜப்பான் தொர!" என்றான் களத்தோரம் உட்கார்ந்திருந்த காளியண்ணன். களமே சிரித்தது.

அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. ஆனால் வாய் தானாகத் திறந்தது. "இச்சி, நி, சான், ஷி..."

ராகி புடைத்துக்கொண்டிருந்த அத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் அப்பாசாமியும் நானும் ஒன்றாக மலாயாத் தோட்டத்துக்குப் போனவர்கள். அங்கிருந்து ஜப்பான்காரன் எங்களை ரயில்பாதை போட சயாமுக்கு இழுத்துப் போனான். அப்பாசாமி காய்ச்சலில் செத்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"எண்ணிக்கை மட்டும் இப்படித் தட்டாம வருதே, எப்படிங்கண்ணா?" என்றாள்.



எங்கள் மலையிலிருந்து மிளகு மூட்டையோடு அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கும்போது, முன்னால் போகிறவன் குரல் கொடுப்பான். பின்னால் வருபவர்கள் அதற்குக் கால் வைப்பார்கள். எங்கள் வரிசையில் குரல் கொடுப்பவன் நான். முகாமில் முதல் நாள், தைசோ என்கிற காலைப் பயிற்சியில், காவலன் "இச்சி" என்று கத்தியதும் அந்தப் பழக்கத்தில் நானும் கத்திவிட்டேன். அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து எண்ணுவது என் வேலை. மண் வெட்ட வேண்டியதில்லை. ஒரு கை சோறு கூடுதலாகக் கிடைத்தது.

"அவன் காய்ச்சல்ல சாவல அத்தாயி. காய்ச்சல்னு வேலைக்கு வரல. அதுக்குத் தண்டால் எடுக்க வெச்சாங்க. நாந்தான் எண்ணுனேன்."

குப்புசாமி பாதியில் எழுந்து நின்றான்.

"எதுவரைக்கும்?" என்றாள் அத்தாயி.

"நாப்பத்தொண்ணு. அதுக்கப்புறம் அவன் எந்திரிக்கல."

"நிறுத்துன்னு சொல்ல அவங்க பாசையில வார்த்தையே இல்லீங்களா?"

"இருக்குது. யமே."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அத காவலன்தான் சொல்லோணும். நான் சொன்னா என்னையும் கீழ தள்ளியிருப்பான்."

இவ்வளவு நாளும் என் கோபமெல்லாம் காவலன் மேல் என்றுதான் நினைத்திருந்தேன். அது பொய். அந்த ஒரு கை சோற்றை நான் அன்றும் தின்றேன்.

அத்தாயி அழவில்லை. 

"படுங்க," என்றாள். "இன்னிக்கு நான் எண்ணறேன்."

யாரும் தடுக்கவில்லை. கையை ஊன்றினேன். அவள் அவசரப்படாமல் எண்ணினாள். பதினேழில் என் முகம் மண்ணில் மோதியது. மறுபடி கையை ஊன்றும்வரை காத்திருந்தாள்.

"பதினெட்டு."