ஆறு புள்ளி ஒன்பது

ஐந்தரைக்கு எழுந்தேன். பால்புட்டியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டேன். வெந்நீரை அளந்து ஊற்றி, பால் பவுடர் போட்டுக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மறுபடி ஒரு சொட்டு.

"போதும் மாமா. இது உங்க லேப் இல்ல. அவ பசியில கத்துறா," என்றாள் மைத்துனி. இறந்துபோன என் மனைவியின் தங்கை. ஆறு மாதமாக எங்களோடு இருக்கிறாள்.

நான் குடிநீர் நிலையத்தில் பரிசோதகன். தண்ணீரின் அமிலத்தன்மையை, அதாவது pH எண்ணை, தினமும் எட்டு முறை அளந்து எழுதுவேன். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இருந்தால் நல்ல தண்ணீர்.

இன்று மகளுக்கு ஆறாம் மாதப் பரிசோதனை. மூளையில் பாதிப்பு இருந்தால் இந்த வயதில் தெரிய ஆரம்பிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

குழந்தை மருத்துவர் அவளைக் குப்புறப் போட்டார். தலையைத் தூக்கினாள். மணியை ஆட்டினார். திரும்பினாள். பிறகு இரண்டு கையாலும் அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விட மாட்டேங்கறாளே. யார் பிடிவாதம் இது?"

"எங்கக்காவோடது," என்றாள் மைத்துனி.

"இதுவரைக்கும் நல்லா இருக்கா. ரெண்டு வயசு வரைக்கும் பாத்துக்கிட்டே வரணும்." கோப்பைப் புரட்டினார். "தொப்புள்கொடி ரத்தத்தோட pH ஏழேகால் கிட்ட இருக்கணும். இவளுக்கு ஆறு புள்ளி ஒன்பது. பிராணவாயு பத்தாம அமிலம் ஏறிடுச்சு. மூளையைக் காப்பாத்த, பொறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள உடம்பைக் குளிர வெச்சாகணும். நல்லவேளை, அன்னிக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டை உடனே கொண்டாந்தீங்க."

"உடனே இல்ல, டாக்டர்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

பிறந்த அன்று குழந்தையை மேல்மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துப் போன பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. மேலே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி செவிலி என்னிடம் நீட்டினார். படித்தேன். 6.9. மனசு லேசானது. படியேறாமல் மனைவியின் கட்டிலுக்குப் போனேன்.

"பயப்பட ஒண்ணுமில்ல. ஆறு புள்ளி ஒன்பது. நல்ல தண்ணி," என்றேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. களைப்பு என்று நினைத்தேன். அவள் சொன்னதைக் கேட்டு மேலே போனேன். திரும்பி இறங்கியபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை.

மைத்துனி பலமுறை கேட்டுவிட்டாள், அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று. இன்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன்.

"உங்க தண்ணிக் கணக்கையெல்லாம் எம் புள்ளகிட்ட காட்டாதீங்க. மொதல்ல சீட்டைக் கொண்டுபோய்க் குடுங்க."