நடக்கிற வேகத்தில் ஒரு தோட்டா

அரெஸ்கியைச் சுட்ட தோட்டா அவனை வந்து சேர ஏழு குளிர்காலங்கள் ஆயின.

ஜுர்ஜுரா மலையின் தேசியப் பூங்காவுக்குள் இருந்த பனிச்சறுக்கு விடுதியைத் அரசோடு சண்டையிட்ட துப்பாக்கிக்காரர்கள் கொளுத்திய நாளில் அது கிளம்பியது. சமையல்காரரை அடுப்படியிலேயே அறுத்துப் போட்டார்கள். சறுக்க வருபவர்களை உச்சிக்கு ஏற்றும் கம்பி நாற்காலிகளை ஓட்டிய அரெஸ்கி, தேவதாரு மரங்களுக்குள் ஓடினான். உதடு பிளந்த ஒருவன் அவன் முதுகைக் குறிபார்த்துச் சுட்டான். குளிரில் தோட்டா விறைத்துப்போய், நடக்கிற வேகத்தில்தான் வந்தது. அரெஸ்கி குனிந்துகொண்டான். அது மலையைச் சுற்றிவிட்டு அடுத்த ஆண்டு முதல் பனியோடு திரும்பியது. வழியில் ஒரு கோவேறு கழுதையின் வயிற்றைக் கிழித்தது, தபால்காரரின் காதைக் கொண்டுபோனது. கோடையில் அது எங்கே தங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

அவன் மனைவி ஜெஜ்ஜிகாவுக்கு அதன் ரீங்காரம் அத்துப்படி. "குனிங்க!" என்று கத்துவாள். அவன் குனிவான். அது சன்னல் வழியாக வந்து கதவு வழியாகப் போகும். "எங்கயாச்சும் கடலோரமா போயிடலாம்" என்று கெஞ்சுவாள். "அதுவும் பின்னாலயே வரும். நடுவுல எத்தனை வீடு இருக்கு?" என்பான். அந்த மனுஷனோடு பேசிப் பேசி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஏழாம் குளிர்காலத்தில் சண்டை ஓய்ந்து, விடுதி மறுபடி திறந்திருந்தது. அரசு மன்னித்துவிட்ட துப்பாக்கிக்காரர்களும் குடும்பத்தோடு சறுக்க வந்தார்கள். ஒரு நாள் பனிப்புயலில் யாரோ அரெஸ்கி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முகம் பார்த்து அடைக்கலம் கொடுப்பது அந்த ஊரில் கேவலம். "நீ என் காவல்ல இருக்கே" என்று மூடிய கதவுக்குச் சொன்ன பிறகே அரெஸ்கி திறந்தான். உதடு பிளந்தவன் நின்றிருந்தான்.

"யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!" ஜெஜ்ஜிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னது சொன்னதுதான். சோத்தைப் போடு."

வந்தவன் அரெஸ்கியின் முதுகுக்குப் பின்னால், கதவையொட்டி உட்கார்ந்தான். அப்போது சன்னல் பக்கம் ரீங்காரம் கேட்டது. "குனிங்க!" அரெஸ்கி தலையை மட்டும் திருப்பி விருந்தாளியைப் பார்த்தான். தான் குனிந்தால் அது அவன் நெற்றியில் இறங்கும். அதனால் குனியவில்லை. தோட்டா அரெஸ்கியின் மார்பில் புகுந்து அங்கேயே நின்றது. குஸ்குஸ் சோற்றுத் தட்டு ரத்தத்தால் நிறைந்தது.

"அக்கா, நான் போயிடறேன்..."

"உக்காரு. சாப்பிடு. ஊர் எல்லை வரைக்கும் உம்மேல தூசு படாது."

வேறு தட்டு வைத்தாள். புயல் அடங்கியதும் புருஷனின் வேட்டைத் துப்பாக்கியோடு அவளே அவனை எல்லைத் தேவதாரு வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டாள். அவன் மரத்தைத் தாண்டியதும் சுட்டாள். அன்றும் நல்ல குளிர்.

இப்போது நாற்காலிகளை ஓட்டுவது ஜெஜ்ஜிகாதான். போன வாரம் அவள் சுட்ட தோட்டா கீழே புய்ரா ஊர்ச் சந்தைக்குள் போனதாம். தக்காளி விற்றவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வழிவிட்டார்களாம். சறுக்க வந்த ஒருவர் சொன்னார்.

"எந்தப் பக்கமா போச்சு?"

"மேற்கால."

"மெதுவாவே போகட்டும். அவனும் ஏழு குளிர் பாக்கணும்ல" என்றபடி அடுத்தவரை நாற்காலியில் ஏற்றினாள்.