நடுவழியில் எதிர்ப்படும் பெட்டி

“அதில்லடி, ஒத்தத் தண்டவாளந்தானே இருக்கு? எதிர்ல வர்ற பெட்டியோட மோதிக்காதா?”

“நடுவுல மட்டும் ரெண்டாப் பிரியும் துர்கா. நீ ஒரு பக்கமா ஏறுவ, அது இன்னொரு பக்கமா எறங்கும். எத்தினி வாட்டி சொல்றது?”

“கோச்சுக்காதடி. நாளைக்கு இங்க ட்ரெயினிங்ல இவங்க முன்னாடி நான் பேசணுமாம்.”

சுடர்விழி டீக்கடை இரைச்சலிலிருந்து விலகி, ரெட்டியார்பாளையம் சாலையோரம் போனுடன் நின்றாள். பிரான்சில் ஒரு நகரத்தின் மலை ரயிலுக்கு வரும் அழைப்புகளை, இங்கே ஒரு நகைக்கடை மாடியில் உட்கார்ந்து அவளும் துர்காவும்தான் பிரெஞ்சில் எடுத்தார்கள். துர்காவுக்கு டிக்கெட் விலையும் கடைசி வண்டி நேரமும் தெரிந்தால் போதும். சுடர்விழிக்குப் போதவில்லை. அவள் அறிந்த ஏற்றம் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் மட்டும்தான்; அதனாலேயே அந்த ரயிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். மின்சாரம் வருவதற்கு முன், மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்களாம். கனத்தில் அது இறங்க, அதே கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய பெட்டி கீழிருந்து ஏறும். இறங்கியதும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். இப்போது மோட்டார் இழுக்கிறது. ஆனாலும் ஒன்று இறங்கித்தான் இன்னொன்று ஏற வேண்டும்.

ரயில் நிறுவனம் பயிற்சிக்கு ஒருவரைப் பிரான்சுக்கு அனுப்பச் சொன்னபோது மேலாளர் பிரேம்குமார் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். “நியாயமா நீதாம்மா போவணும். ஆனா ஒனக்கு விசா வர்றதுக்குள்ள ட்ரெயினிங்கே முடிஞ்சிடும். துர்காவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கு, டிக்கெட் போட்டாப் போதும்.”

துர்காவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சுடர்விழியின் தாத்தா மில்லில் இருந்தவர். இதற்கு யாரிடம் போய்க் கோபப்படுவது?

“இரு, வீடியோல வர்றேன். பெட்டி கெளம்பப் போவுது,” என்றாள் துர்கா.

வெயிலில் திரை மங்கியது. சுடர்விழி துப்பட்டாவை இழுத்து நிழல் பண்ணிக்கொண்டாள். திரை முழுக்கத் துர்காவின் முகம், புதுக் கம்பளித் தொப்பி.

“என்னா குளுருடி! மூக்கப் பாரு, தக்காளி மாதிரி ஆயிடுச்சு.”

அவள் காதுக்குப் பின்னால் ஓட்டுக்கூரைகள் சாய்ந்து கீழே இறங்கத் தொடங்கின. சற்று நேரத்தில் பெட்டி லேசாக ஒருபக்கம் ஒதுங்கி அசைந்தது. தண்டவாளம் பிரிகிறது. சுடர்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில், துர்காவின் தோளுக்கு மேல், சிவப்பாக ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது.

“துர்கா, போனத் திருப்பு.”

துர்கா திரையைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி சுடர்விழியை உரசிக்கொண்டு போனது.

“தோ வந்துடுச்சுடி துர்கா. போன அந்தப் பக்கம் திருப்பேன்.”