நல்லா இருக்கேன் டாக்டர்

“ரொம்ப நல்லா இருக்கேன் டாக்டர்” என்றார் என் கணவர். நான் திரும்பி அவரை முறைத்தேன்.

நல்லா இருக்கிற ஆளா இவர்? பேருந்து ஓட்டுநர். நடுவழியில் வண்டியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடவேண்டி வருமோ என்று பயந்து, மாதக்கணக்கில் லீவு போட்டு வீட்டில் கிடக்கிறார். இன்னும் இழுத்தால் வேலையே போய்விடும். முதலில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே பளிச்சென்று இருந்தது. “எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். இந்த டாக்டரம்மாதான் குடலிலிருந்து துணுக்குகள் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அழற்சி என்று கண்டுபிடித்தார். கொடுத்த மாத்திரையும் கேட்டது. நிறுத்தியதும் மறுபடி பேதி. அதனால்தான் புது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்றார்.

அதற்கு முன் ஒரு வாரம் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரை கூடாது. தினமும் எத்தனை தடவை போகிறது என்று சொல்ல வேண்டும். பேதி இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.

இவரோ ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வரும்போது தெரிந்தவர்கள் முன்னால் மானம் போய்விடும் என்று நாள்கணக்கில் பட்டினி கிடந்தார். போதாததற்குக் கமுக்கமாக அந்த மாத்திரை வேறு!

“அப்போ நோய் அடங்கிடுச்சு. ஆராய்ச்சியில சேர்க்க வேண்டியதில்ல. சந்தோஷம்தானே?” என்றார் டாக்டரம்மா.

மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுகிறார்! சொன்னால் விதியை மீறினார் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்களோ என்று எனக்கு நடுக்கம். சொல்லாவிட்டாலும் கதை முடிந்தது. போட்டு உடைத்துவிட்டேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. “இந்த வாரம் கணக்குல வராது. மாத்திரைய விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து. ஆனா ஐயா, நீங்கதான் சொல்லணும். அம்மா சொல்றத வச்சு நான் எழுத முடியாது.”

வீடு வரும்வரை இவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். போங்களேன், எனக்கென்ன!

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் வயிறாரச் சாப்பிட்டார். நான்தான் பயத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பாதி வழியில் இவர் முகம் வெளுத்தது. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். வண்டி ஓட்டியவர் இவரோடு வேலை பார்ப்பவர்.

“நான் சொல்லட்டுமா?” என்று காதருகே கேட்டேன்.

“வேணாம்.”

ஐயோ, மறுபடியும் வீம்பா என்று பதறினேன். இவர் எழுந்து நின்றார்.

“தம்பி, ஓரம் கட்டுப்பா! எனக்கு வயித்துல வியாதி. அவசரம்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வண்டி பெட்ரோல் பங்க் வாசலில் நின்றது. இவர் இறங்கி ஓடினார்.

“மெதுவா வரட்டும் அண்ணி” என்று ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு இது மூணாவது. அங்க நான்தான் சொல்வேன். நீ வாயத் திறக்காதே.”